அத்தான் உரித்த பேட்டரி

கொல்கத்தாவில் காளிகாட் மெட்ரோவை விட்டு வெளியே வந்து இடதுபக்கச் சந்துக்குள் நுழைந்தால், காபி வறுக்கும் வாசனை நம்மைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ஒரு கடை வாசலில் நிறுத்தும். கடைக்காரர் வேதாச்சலம் என் அக்கா கல்யாணியின் கணவர். எனக்கு அத்தான். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். வங்காளியில் வியாபாரம் பேசுவார், இந்தியில் திட்டுவார், தமிழில் சாமி கும்பிடுவார். நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் நான் சொல்லப்போவதில் அது அவ்வளவாகத் தெரியாது.

அத்தானுக்கு ஒரு கொள்கை உண்டு. உலகத்தில் எந்தப் பேட்டரியும் சாவதில்லை, மயக்கம் போட்டுத்தான் கிடக்கிறது. தெளியவைப்பது நம் கையில் இருக்கிறது. டிவி ரிமோட் வேலை செய்யாவிட்டால் உள்ளங்கையில் நாலு தட்டு. அதற்கும் மசியாவிட்டால் பேட்டரியைக் கழற்றி இரண்டு கைக்கும் நடுவில் கொழுக்கட்டை மாவுபோல உருட்டுவார். கடைசி வைத்தியம் மொட்டைமாடி வெயில். அக்கா அப்பளம் காயவைக்கும் வேட்டியின் ஓரத்தில் டார்ச் பேட்டரிகளும் வரிசையாகக் காயும். கீழ்வீட்டு ரீனா பௌதி, வங்காளியில் பௌதி என்றால் அண்ணி, துணி உலர்த்த வந்தவள் ஒருநாள், இதையும் எண்ணெயில் பொரிப்பீர்களா என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை.

போன வருடம் அத்தானுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே அக்கா சூடத்தை ஏற்றி, இனி சிகரெட்டைத் தொடமாட்டேன் என்று அவரிடம் சத்தியம் வாங்கினாள். அவரும் கண்ணில் நீர் தளும்ப அடித்துக் கொடுத்தார். அந்தச் சத்தியத்தை அவர் ஒருநாளும் மீறவில்லை. சிகரெட்டைத் தொடவே இல்லை. அதற்குப் பதிலாக ‘வேப்’ என்கிற ஆவி இழுக்கும் கருவியைத் தொட ஆரம்பித்தார்.

குட்டி டார்ச் லைட் அளவில் ஒரு கருவி. உள்ளே விரல் தடிமனில் ஒரு பேட்டரி. பொத்தானை அழுத்தி இழுத்தால் மாம்பழ வாசனையில் ஆவி வரும். இந்த நாட்டில் விற்கவும் கூடாது, வெளியிலிருந்து கொண்டுவரவும் கூடாது. செந்தில்நாதன் என்கிற சிநேகிதர் வெளிநாடு போய்வந்தபோது எப்படியோ கொண்டுவந்து கொடுத்தாராம். காபிக்கடையில் மாம்பழம் மணந்த அன்றே நான் கண்டுபிடித்துவிட்டேன்.

“என்ன அத்தான் இது? அக்காகிட்ட சத்தியம் பண்ணுனியளே?”

“சத்தியம் பண்ணுனது சிகரெட்டுக்கு. இதுல நெருப்பு இருக்கா, சாம்பல் இருக்கா? இது கரண்டுல ஓடுது, ஷியாமளா.”

கரண்டில் ஓடினால் நெஞ்சுக்கு ஒன்றும் செய்யாது என்று எந்த டாக்டர் சொன்னார் என்று கேட்டேன். டாக்டரிடம் கேட்கவில்லையாம், ஏனென்றால் இது சிகரெட் இல்லையாம். தீபாவளிக்குள் நீங்களே அக்காவிடம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் சொல்வேன் என்று கெடு வைத்துவிட்டு வந்தேன்.

அதிலிருந்து எனக்குப் பிடித்தது தலைவலி. நான் சால்ட் லேக்கில், ஐந்தாம் செக்டாரில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் சோதிக்கிறேன். அத்தானைப் பொறுத்தவரை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவளுக்குக் கரண்டில் ஓடும் எல்லாமே தெரிந்திருக்க வேண்டும். மீட்டிங் நடுவில் போன் வரும். “லைட்டு மினுக்கு மினுக்குன்னு மினுக்குது, சார்ஜ் ஏறல, என்ன செய்ய?” நானும் எங்கள் ஆபீஸ் தீயணைப்புப் பயிற்சியில் கேட்டது, நெட்டில் படித்தது எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்வேன். வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். பேட்டரியும் கருவியும் தொடுகிற இடத்தைக் காய்ந்த துணியால் துடையுங்கள். போனோடு வந்த வேகமான சார்ஜரில் சொருகாதீர்கள். கை சுடுகிற மாதிரி சூடானாலோ, உப்பினாலோ அதோடு நிறுத்திவிடுங்கள். பேட்டரியைக் கழற்றினால் சாவிக்கொத்தோடு சட்டைப்பையில் போடாதீர்கள், பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள்.

எல்லாவற்றையும் “சரி, சரி” என்று கேட்டுக்கொள்வார். பிறகு மொட்டைமாடியில் அப்பளத்துக்குப் பக்கத்தில் அந்தப் பேட்டரி வெயில் காயும். ஒரு தடவை மழையில் நனைந்துவிட்டது என்று அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்திருந்தார். நல்லவேளை, அக்கா உலை வைப்பதற்குள் எடுத்துவிட்டார்.

மகாளய அமாவாசைக்கு நான் போயிருந்தபோது, கடையின் பின்பக்கத்துக்குக் கூப்பிட்டு அதைக் காட்டினார். நீல நிறத்தில் மேலே சுற்றியிருக்கும் மெல்லிய உறையைக் காணோம். தகரம் பளபளவென்று அம்மணமாக இருந்தது.

“உறை கிழிஞ்சிருந்தா அதைத் தொடவே செய்யாதிய, ஒதுக்கி வச்சிருங்கன்னு சொன்னேனே அத்தான்!”

“கொஞ்சம்போலத்தான் கிழிஞ்சிருந்துது. பாக்க அசிங்கமா இருக்கேன்னு முழுசா உரிச்சிட்டேன். இப்பப் பாரு, எவ்வளவு நீட்டா இருக்கு!”

வாழைப்பழத்தை உரிக்கிற மாதிரி உரித்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்தத் தகரம் முழுக்க ஒரு முனை, தலைப்பக்கம் இன்னொரு முனை. இரண்டுக்கும் நடுவில் ஏதாவது இரும்பு சேர்ந்து பட்டால் கொதித்துவிடும், இரண்டு முனையிலும் டேப் ஒட்டிக் கொடுங்கள், எங்கள் ஆபீஸில் பழைய பேட்டரிக்கென்று பெட்டி இருக்கிறது, அதில் போட்டுவிடுகிறேன் என்று கையை நீட்டினேன். துர்கா பூஜை கழியட்டும், தருகிறேன் என்று ஒரு பழைய விபூதி டப்பாவில் போட்டு மூடினார். கருவியைக் காபிக்கொட்டைச் சாக்குக்குப் பின்னால் ஒளித்தார்.

நவமி அன்று ஆயுத பூஜை. தெருமுனைத் துர்கா பந்தலில் காலையிலிருந்தே தாக் மேளம் இடிக்கிறது. ஊரே புதுத்துணியோடு ரோட்டில் நிற்க, எங்கள் வீடுகளில் மட்டும் ஸ்பானரும் திருப்புளியும் கழுவிக்கொண்டிருப்போம். கொலு வைத்த கூடத்தில் அக்கா பலகை போட்டு, தராசு, காபி அரைக்கும் மிஷினின் கைப்பிடி, கணக்குப் பார்க்கும் லேப்டாப், என் ஆபீஸ் அடையாள அட்டை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தாள். அத்தான் குளித்து, விபூதி பூசி, பட்டு வேட்டியில் வந்து பலகை முன்னால் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் முகம் வெளுத்துவிட்டது.

தராசுக்குப் பக்கத்தில், சாக்குக்குப் பின்னால் ஒளித்துவைத்த அந்த வேப் நின்றுகொண்டிருந்தது. நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. தலையில் ஒரு செவ்வந்திப் பூ.

அக்கா ஊதுவத்தியைக் கொளுத்தியபடி, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். “நீங்க தினமும் எடுத்துப் பொழங்குத சாமானாச்சே. விட்டுட்டா குத்தமாயிருமேன்னு வச்சேன்.”

பூஜையில் வைத்த சாமானை மறுநாள் புனர்பூஜை செய்து எடுக்கிறவரை யாரும் தொடக்கூடாது. படிப்பாளி புத்தகத்தைத் தொடக்கூடாது, கடைக்காரன் தராசைத் தொடக்கூடாது. அக்கா ஒரு சண்டை போடாமல், ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல், அவருடைய ஆவியைச் சாமியிடம் அடமானம் வைத்துவிட்டாள். எனக்கு வந்த சிரிப்பைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டேன்.

ஆனால் உறை உரித்த பேட்டரி ஆபத்து என்பது அக்காவுக்குத் தெரியாது. விபூதி டப்பாவைத் திறந்து பார்த்தவள், அந்தப் பேட்டரியையும் விடவில்லை. கத்தரிக்கோல், திருப்புளி, டெஸ்டர் இருந்த பித்தளைத் தட்டில் அதையும் படுக்கவைத்து, அடியில் ஒரு வெற்றிலை வைத்து, மூன்று இடத்தில் சந்தனம் வைத்திருந்தாள். பூவை எடுத்துப் போடும்போது அவள் கை பட்டு வெற்றிலை நகர, பேட்டரி பித்தளைத் தட்டில் பட்டது. திருப்புளி உருண்டுபோய் அதன் தலையில் சாய்ந்தது.

முதலில் பார்த்தது நான்தான். ஈரமாக இருந்த சந்தனம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளிறிக் காய்ந்து, பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. வெற்றிலை சுருண்டது. பிறகு நகப்பூச்சு மாதிரி ஒரு தித்திப்பான நெடி.

“அத்தான்! அது சூடாவுது! எடுங்க!”

அத்தான் கையை நீட்டினார். பாதியில் நிறுத்தினார். “பூஜையில வச்சிருக்கே, தொடலாமா?”

சொன்னால் நம்பமாட்டீர்கள். அந்த மனிதர் மடியிலிருந்து போனை எடுத்துக் கோயில் குருக்களைக் கூப்பிட்டார். “சாமி, பூஜையில வச்சது தானா சூடாயிட்டு இருக்கு, இப்ப எடுக்கலாமா?” குருக்கள் பாவம், பொங்கல் என்று நினைத்துக்கொண்டார். சூடாக இருக்கும்போதே நைவேத்தியம் பண்ணிவிடச் சொன்னார்.

பேட்டரியின் தலையிலிருந்து ‘புஸ்’ஸென்று வெள்ளைப் புகை கிளம்பியது. பாதுகாப்புப் பயிற்சியில் முதல் பரிசு வாங்கிய நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? நின்ற இடத்தில் நின்றுகொண்டு, “மண்ணு! மண்ணு!” என்று கத்தினேன். அடுக்களைக்குள் ஓடியவள் அக்கா. இடுக்கியோடு வந்து தட்டின் விளிம்பைக் கவ்வித் தூக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு பால்கனிக்குப் போனாள். கொலுவுக்காக அகலத் தட்டில் மணல் பரப்பிக் கடுகு முளைக்கவிட்டு, பிளாஸ்டிக் யானை, மான் எல்லாம் நிறுத்தி நாங்கள் கட்டியிருந்த பூங்கா, இந்த வருடம் இடம் போதாமல் அங்கேதான் இருந்தது. அத்தனையையும் அதில் கவிழ்த்துவிட்டுக் கைநிறைய மணலை அள்ளி எட்ட நின்று மேலே மேலே போட்டாள்.

“எல்லாரும் உள்ள வாங்க, அந்தப் புகையை மோக்காதிய!” எனக்கு அப்போதுதான் மூளை திரும்பியது. பால்கனிக் கதவைச் சாத்தி, மற்ற ஜன்னல்களைத் திறந்துவிட்டேன். மணலுக்குள் ஒருமுறை சீறியது. யானை மெள்ளச் சாய்ந்து உருகியது. அதோடு அடங்கிவிட்டது. கீழிருந்து ரீனா பௌதி “கீ ஹொலோ?” என்ன ஆச்சு என்று குரல் கொடுத்தாள். ஊதுவத்தி ஜாஸ்தியாகிவிட்டது என்று சொல்லிவைத்தேன்.

அத்தான் இன்னும் பலகை முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். அக்கா வந்து அவர் எதிரில் அமர்ந்தாள். இடுக்கியைக் கீழே வைக்கவில்லை.

“எப்பத் தெரியும்?” என்றார் அத்தான்.

“மொத நாளே தெரியும். ராத்திரி நீங்க தூங்குனப்பறம் உங்க மூச்சு வருதா வருதான்னு பாத்துக்கிட்டுக் கெடக்கவ நான். எனக்கு மாம்பழ வாசனை தெரியாதா? நீங்களா சொல்லுவியன்னு பாத்தேன். அது சுட்டுது, நான் மண்ணுல கொண்டு போட்டேன். உங்க நெஞ்சு சுட்டுதுன்னா நான் எதுல கொண்டு போடுவேன்?”

அத்தானிடம் அதற்கு வைத்தியம் இல்லை. பூஜையை எப்படியோ முடித்துச் சாப்பிட்டோம். நான் அன்று அங்கேயே தங்கினேன்.

விஜயதசமி காலையில் அக்கா புனர்பூஜை செய்தாள். எடுத்த சாமானால் அன்றைக்குக் கொஞ்சமாவது வேலை செய்ய வேண்டும் என்பது முறை. அத்தான் தராசை எடுத்தார், லேப்டாப்பைத் திறந்து மூடினார். வேப் மட்டும் பலகையில் தனியாக நின்றது, பூ வாடியிருந்தது.

“அதையும் எடுத்துக்கிடுங்க. பூஜை முடிஞ்சிட்டு. வேற பேட்டரி போட்டா ஓடும்,” என்றாள் அக்கா. குத்தலாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அத்தான் அதை எடுத்தார். குங்குமத்தை வேட்டி நுனியால் துடைத்தார். பொத்தான் மேல் விரலை வைத்து எடுத்தார். பிறகு பால்கனிக்குப் போய், ஆறிப்போயிருந்த பேட்டரியை மணலோடு ஒரு தகர டப்பாவில் அள்ளினார். இரண்டையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

“உங்க ஆபீஸ் பெட்டியில ரெண்டையுமே போட்டுரு.”

“இப்படி வெடிச்சத வாங்குவாங்களான்னு கேட்டுத்தான் போடணும், அத்தான்.”

“கேளு. ஆனா திருப்பிக் கொண்டாந்துராத,” என்றார். குரல் கெஞ்சுகிற மாதிரி இருந்தது. அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

தீபாவளியோடு வரும் காளி பூஜைக்கு முன்னால் ஒருநாள் அக்காவுக்குப் போன் செய்தேன். அவள் கடையில் இருந்தாள். பின்னால் அத்தானின் குரல் காதைக் கிழித்தது. புகை இல்லாத மனிதருக்கு எல்லாரும் எதிரி. வாடிக்கையாளருக்கு வங்காளியில் திட்டு, சாக்கு இறக்கியவனுக்கு இந்தியில் திட்டு, வாயில் அடக்கிய கிராம்பு காரமில்லை என்று அதற்குத் தமிழில் திட்டு.

“என்னக்கா, இந்தக் கத்து கத்துதாக? எப்படித் தாங்குத?”

“காலையில இருந்து இப்படித்தான் கத்துதாக. மூச்சு வாங்காம கத்துதாக, ஷியாமளா,” என்றாள் அக்கா. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. “நீ போன வையி. நான் கொஞ்ச நேரம் கேட்டுக்கிட்டு இருக்கேன்.”