ரூபேந்திரன் கேட்ட தூரம்

மலேசியாவில் பெக்கோக் ஊரை அடுத்த மான் பண்ணையில் பல வருடமாக வேலை பார்ப்பவன் ரூபேந்திரன். படிப்பு மூன்றாம் படிவத்தோடு நின்றுவிட்டது. ஆனால் குட்டி போட முடியாமல் தவிக்கும் மானின் பக்கத்தில் அவன் போய் உட்கார்ந்தால் போதும், அது அடங்கிவிடும். அதே பண்ணையில் புல் வெட்டும் அவன் அக்கா செல்வராணிக்கு இதில் உள்ளூரப் பெருமை. தம்பியைக் கொட்டகை கூட்டுகிறவன் என்று யாராவது சொன்னால், மான் வளர்க்கிறவன் என்று திருத்திவிட்டுத்தான் அடுத்த பேச்சுக்குப் போவாள்.

பண்ணையின் மூத்த ஆண் மானுக்கு அவன் வைத்த பெயர் தொரை. நடையைப் பார்த்து வைத்தது. போன ஆண்டுக் கடைசியில் அடைமழையில் வேலி சாய, தொரை வெளியேறிவிட்டது. இணை தேடும் பருவம் வேறு. பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டிக்கொண்டிருந்த ஒருவரை விலாவில் குத்திப் போட்டது. அதைத் திரும்பப் பட்டியில் சேர்க்க முதலாளி சபாபதி ஒப்பவில்லை. சுட அனுமதி வாங்கினார். ஜொகூர் பாருவில் துப்பாக்கிக் கிளப்புக்குப் போகும் தன் அக்கா மகன் கவினை வரவழைத்தார்.

ரூபேந்திரன் கேட்டது ஒன்றுதான். தொரைக்குத் தெரியாமல் முடிய வேண்டும்.

கவின் உறையிலிருந்து எடுத்ததைப் பார்த்தபோது செல்வராணிக்கு அது விளையாட்டுச் சாமான் போலிருந்தது.

"பன்னி சுட வர்றவங்க கையில இருக்கிறது இதைவிடத் தடியா இருக்குமே தம்பி."

"இது பாயிண்ட் டூ-டூ துப்பாக்கிக்கா. கிளப்புல குறி அட்டை சுடுறதுக்கு. மானுக்குன்னா ரொம்பக் கிட்டப் போகணும். அண்ணன் கூப்பிட்டாப் பக்கத்துல வரும்ல? காதுக்குப் பின்னால வச்சா முடிஞ்சது."

"நான் கூப்பிட்டு, அது நம்பி வந்து நிக்கும்போது சுடுவியா?" என்றான் ரூபேந்திரன். "என் மூஞ்சியப் பார்த்துக்கிட்டே சாகணுமா அது? தூரத்துலேர்ந்து சுடு. மேயும்போதே விழட்டும்."

"தூரம் போகப் போகக் குண்டுக்கு வேகம் செத்துடும்ணே. அட்டையில ஓட்டை விழுந்தாப் போதும். இது எலும்பு."

"நூறு மீட்டர்ல நடு வட்டத்துல அடிப்பான்னு உங்க மாமா சொன்னாரே. சும்மா கப்சாதானா லா?"

கவினின் முகம் சிவந்தது. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான். செல்வராணியும் தடுக்கவில்லை. மான் விஷயத்தில் தம்பிக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்று நினைத்தாள். இது மான் விஷயம் இல்லை, துப்பாக்கி விஷயம் என்று அவளுக்கு உறைக்கவில்லை.

மறுநடவுக்காகப் பழைய மரங்களைச் சாய்த்திருந்த மேட்டில், இளங்கன்றுகளுக்கு நடுவே தொரை மேய்ந்துகொண்டிருந்தது. நடுவில் பார்வைக்குத் தடை எதுவும் இல்லை. மூவரும் நூறு மீட்டர் தள்ளி எதிர்மேட்டில் படுத்திருந்தார்கள். காய்ந்த மட்டை முறிவது போல ஒரு சத்தம்.

தொரை விழவில்லை. ஈ கடித்தது போலத் தன் வயிற்றைத் திரும்பிப் பார்த்தது. அடுத்த குண்டில் பின்னங்கால் மடங்கியது. ரூபேந்திரன் தன்னை மறந்து எழுந்து நின்றுவிட்டான். தலையைத் தூக்கிய மான், அந்த வெட்டவெளியில் தனக்குத் தெரிந்த ஒரே ஆளைக் கண்டது. காலை இழுத்துக்கொண்டு அவனை நோக்கி நடக்கத் தொடங்கியது.

வந்து சேர வெகுநேரம் ஆயிற்று. கவின் அழுதுகொண்டிருந்தான்.

"கொம்பப் புடிங்கண்ணே. ஆடுனா மறுபடியும் தப்பிடும்."

ரூபேந்திரன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். தொரை அவன் சட்டையை மோந்தது. கவின் காதுக்குப் பின்னால் வைத்துச் சுட்டான்.

சாயங்காலம் சபாபதி வந்தார். ரூபேந்திரன் குழாயடியில் சட்டையை அலசிக்கொண்டிருந்தான்.

"ராணி, உன் தம்பி மனசு யாருக்கும்மா வரும்? கவின் சொன்னான். தூரத்துலேர்ந்து ஒரே குண்டாம். அதுக்குத் தெரியவே இல்லையாம். அப்படியா ரூபன்?"

"ஆமா மொதலாளி. தெரியல."

மான்களைப் பற்றி அவன் பொய் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. சபாபதியின் கார் போகும்வரை அவன் நிமிரவில்லை.

"நாளையிலேர்ந்து நான் புல்லு வெட்டறேன்க்கா. தீனி நீ போடு."

"அதுங்க உன்னையத் தேடும்டா."

"அதான்க்கா," என்றான்.