மொட்டை மாடிச் சாவி

1

கூல் கோட்டிங் வேலையில் எனக்கு விழுந்த முதல் அடி, ஓர் ஆவணி மாதத்துப் போன்.

“ஏலே, நீ அடிச்ச வெள்ளை எங்கனல போச்சு? மாடி வீட்டுக்காரி காலி பண்ணுதாளாம்!”

பேசியவர் கோவில்பட்டியில் கடலைமிட்டாய்க் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. அவருடைய வாடகை வீட்டின் மாடிப் போர்ஷன் வெக்கை தாங்காமல் சித்திரைக்குச் சித்திரை காலியாகும். டு-லெட் போர்டை அவர் கழற்றுவதே இல்லை. திருப்பி மாட்டுவதோடு சரி.

அந்த வருடம் பங்குனியில்தான் அவரைப் பேசிக் கரைத்திருந்தேன். கூரையில் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு இரண்டு கோட், உள்ளே கரண்ட் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி ஃபேன்.

“கரண்ட் பில் குறைஞ்சா அவளுக்கு லாபம். எனக்கு என்னல?”

“ஆள் நிலைக்கும் அண்ணாச்சி. இந்த வருசமும் காலியாச்சுன்னா கூலியைத் திருப்பித் தாரேன்.”

வயரிங், மோட்டார், இன்வெர்ட்டர் என்று எதிலும் நிலைக்காத நான், இன்னொருத்தி ஒரு வீட்டில் நிலைப்பாள் என்று வாக்குக் கொடுத்தேன். அந்தக் கூலி அன்றைக்கே மகளின் காலேஜ் ஃபீஸாகப் போய்விட்டது.

2

மாடியில் இருந்தவள் செல்வி. ஸ்பின்னிங் மில்லில் நைட் ஷிப்ட், பகலில்தான் தூக்கம். சித்திரை முழுக்க, “நல்லாத் தூங்குதேன் அண்ணே” என்றுதான் சொன்னாள். பிறகு ஆனி வந்தது, ஆடி வந்தது. மேல்காற்று கரிசல் மண்ணை அள்ளிக்கொண்டு ஊருக்குள் அலைந்தது.

போன் வந்ததும் ஓடினேன். அண்ணாச்சி மொட்டை மாடிக் கதவைத் திறந்துவிட்டார். உழுது போட்ட காடு மாதிரிக் கிடந்தது கூரை. விரலால் ஒரு கோடு இழுத்தேன். அடியில் வெள்ளை அப்படியே இருந்தது. மேலே படிந்த கரிசல் மண்தான் வெயிலைக் குடித்து வீட்டுக்குள் இறக்கியிருந்தது.

“வாரத்துக்கு ஒருக்கா தூத்துப் பெருக்கி விட்டா என்னம்மா?” என்று செல்வியிடம் கேட்டேன்.

அவளுக்குக் கண் சிவந்திருந்தது. “பறந்து போயா பெருக்க? சாவி அவிய இடுப்புலல்லா கெடக்கு!”

“சாவியைக் கொடுத்தா டேங்க்ல தண்ணி மோந்துருவாவ. தண்ணி என்ன தெனமுமா வருது?” என்றார் அண்ணாச்சி.

“உங்க தண்ணி யாருக்கு வேணும் அண்ணாச்சி? எனக்குத் தூக்கம் வேணும். நேத்து மெஷின் முன்னால கண்ணு சொக்கிட்டு. கையி போயிருக்கும்.”

அண்ணாச்சி அவள் கையைப் பார்த்தார்.

“டேங்க் மூடிக்கு நான் தனிப் பூட்டு போடுதேன். மாடிச் சாவியைக் குடுத்துருங்க” என்றேன்.

“பூட்டுக்கும் துட்டு நீதாம்ல தரணும்” என்றபடி அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்தார்.

அன்றைக்கே செல்வி வாரியலோடு ஏறினாள். தூசியில் இருமிக்கொண்டே நானும் கூடப் பெருக்கினேன்.

3

அதன்பின் இரண்டு சித்திரை போய்விட்டது. செல்வி இன்னும் அங்கேதான் இருக்கிறாள். டு-லெட் போர்டு கடலைமிட்டாய் டப்பாக்களுக்கு அடியில் கிடக்கிறது.

வாடகை வீட்டுக்கு இந்தச் செலவு கட்டுபடி ஆகுமா என்று எல்லா வீட்டுக்காரர்களும் கேட்கிறார்கள். கரண்ட் பில்லில் ஆகாது. அந்த மிச்சம் குடியிருப்பவர்களுக்கு. ஆள் நிலைத்தால் ஆகும். பூசிவிட்டுப் பூட்டி வைத்தால் ஓர் ஆடிக்குக்கூடத் தாங்காது.

இப்போதெல்லாம் எஸ்டிமேட்டுக்குப் போனால், டேப்பை எடுக்கும் முன் கேட்டுவிடுகிறேன்: “மாடிச் சாவி யார்ட்ட இருக்கும்?”

சிலருடைய கை தானாக இடுப்புக்குப் போகிறது. அந்த வீடுகளில் நான் பெயிண்ட் டப்பாவைத் திறப்பதில்லை.