மேட்டில் கட்டிய பச்சைத் துணி

சாஜிதாவுக்குப் பஸ்ஸில் தன் நிறுத்தம் வந்தால்கூட வாய் திறந்து சொல்ல வராது. வேறு யாராவது இறங்கும் இடத்தில் இறங்கி, திரும்ப நடந்து வருவாள். அப்படிப்பட்டவளுக்குத் தாம்பரத்தைத் தாண்டியிருந்த கல்குவாரியில் கிடைத்த செடி வளர்க்கும் வேலை பிடித்துப்போனது. செடிகளிடம் பேச வேண்டியதில்லை.

குவாரியின் ஒரு பக்கம் இன்னும் கல் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கல் தீர்ந்த மறுபக்கத்துப் பள்ளத்தைக் கழிவுக்கல் போட்டு நிரப்பி, முன்பு தோண்டும்போது ஒதுக்கி வைத்த மேல்மண்ணை அதன்மேல் பரப்பி மேடாக்கியிருந்தார்கள். அந்த மேட்டில் வேம்பும் புங்கனும் நட்டுத் தண்ணீர் ஊற்றுவதுதான் சாஜிதாவின் வேலை. முடிச்சூரில் அவள் வீட்டுக்குள் வெள்ளம் வந்ததிலிருந்து மழை வலுத்தாலே அவளுக்குப் பயம். வெடிக்கு அதைவிடப் பயம். வெடிக்கு முன் சங்கு ஊதியதும், ஆட்கள் ஒதுங்கும் கான்கிரீட் அறைக்குள் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்துவிடுவாள்.

"வந்துட்டாங்கப்பா நம்ம வீராங்கனை" என்று கிண்டல் பண்ணுவார், வெடி வைக்கும் தயாளன்.

மேட்டில் அவளுக்கு இருந்த ஒரே துணை தாயாரம்மாள். பக்கத்து ஊர்க்காரி. நெல் விளைந்த நிலமெல்லாம் மனையாகிப் போனபிறகும் மாடுகளை விடவில்லை. செடிகளுக்கு நடுவே புல் அறுக்க வருவாள். காது மந்தம், வெடிச் சத்தம் கேட்கும், சங்கு கேட்காது, கொடியைத்தான் பார்ப்பாள். வெடித்தால் கல் மேடுவரை பறந்து வரும். மேட்டில் சிவப்பு ஏறினால் வேலிக்கு வெளியே போய்விடுவாள். வெடித்து முடிந்து பச்சை ஏறினால் திரும்பி வருவாள்.

அன்று காலை, டிப்பர் லாரிகள் பின்பக்கமாக வரும்போது புதிதாக நட்ட வரிசையை நசுக்குவதைச் சாஜிதா பார்த்தாள். டிரைவர்களிடம் சொல்ல வாய் வரவில்லை. கிழிந்த பச்சை நிழல்வலையில் ஒரு துண்டை உயரமான கழியில் கட்டி, அந்த வரிசை ஓரமாக ஊன்றி வைத்தாள்.

மதியம் சங்கு ஊதியது. மேட்டில் சிவப்பு ஏறியது. தாயாரம்மாள் வேலி தாண்டிப் போனதைப் பார்த்தபிறகே சாஜிதா அறைக்குள் போனாள். எல்லாரும் வந்தாயிற்று என்று காவலாளி கை காட்டினான். தயாளன், சாவியைத் திருப்பினால் வெடிக்க வைக்கும் பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு குந்தினார்.

அப்போது காற்று கிளம்பியது. சுவரின் சந்து வழியாகச் சாஜிதா பார்த்தாள். சிவப்புக் கொடி கம்பத்தைச் சுற்றிச் சுருண்டுகொண்டது. பச்சைத் துணி மட்டும் படபடவென்று அடித்தது. வேலிக்குள் ஒரு தலை நுழைந்தது. தோளில் கோணி, கையில் அரிவாள்.

தயாளன் பெட்டிக்குள் சாவியை நுழைத்தார். சாஜிதா 'அண்ணா' என்று கூப்பிட்டாள், அவளுக்கே கேட்கவில்லை. மேட்டில் தாயாரம்மாள் குனிந்து ஒரு பிடி புல்லைப் பற்றினாள்.

சாஜிதா அப்படியே தயாளனின் கைமேல் விழுந்தாள்.

"வேணாண்ணா! அந்தம்மா உள்ள கீது! உள்ள கீதுண்ணா!"

"இன்னாம்மா நீ! எல்லாரையும் காவு குடுக்கப் பாக்குறியா?" என்று கத்தியவர், அவள் காட்டிய பக்கம் பார்த்தார். சாவியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதற்குள் அவருக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

காவலாளி ஓடிப்போய்த் தாயாரம்மாளை இழுத்து வந்தான்.

"பச்சை ஆடிக்கினு கீது, வந்தேன். சத்தமே காணோமே, இன்னிக்கு வெடி புஸ்ஸுன்னு பூட்ச்சு போலன்னு நெனச்சேன்" என்றாள் அவள்.



"அது நான் கட்டுனது. செடிய நசுக்கக் கூடாதுன்னு" என்றாள் சாஜிதா. தயாளன் அவளைத் திட்டவில்லை. காவலாளியை அனுப்பிக் கழியைப் பிடுங்கிப் போடச் சொன்னார்.

பாறைத் துளைகளில் போட்ட வெடிமருந்தை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது. மறுபடியும் சங்கு ஊதியது. இந்த முறை தாயாரம்மாளும் அறைக்குள் சாஜிதாவை ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

"ஏண்டி இப்பிடி நடுங்குற? அதான் நான் வந்துட்டேனே."

சாஜிதா அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள். "வேற யாராச்சும் கீறாங்களா, பாருங்கண்ணா" என்றாள் சத்தமாக.

தயாளன் எழுந்து பார்த்தார். "யாரும் இல்லம்மா."

"இன்னொரு தரம் பாருங்கண்ணா."

அவர் இன்னொரு தரம் எழுந்து, மேட்டையும் வேலியையும் பாதையையும் நிதானமாகப் பார்த்தார். பிறகுதான் சாவியைத் திருப்பினார்.