ஆறு மணி அடித்த பிறகு: வேம்பார் பக்கம் கேட்ட சால்சா

போன சனிக்கிழமை தூத்துக்குடிக்குப் போனது அலுவலகத் தோழியின் மகள் கல்யாணத்துக்கு. மதுரையில் காலை ஏழரைக்குப் பேருந்து, டிக்கெட் நூற்றைம்பது ரூபாய், மூன்றே கால் மணி நேரம். சாப்பிட்டுவிட்டு, கால் கிலோ மக்ரூன் வாங்கிக்கொண்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்புவதாகத் திட்டம். கல்யாண மண்டபக் கச்சேரி என்றாலே எனக்கு ஆகாது. அதனால் ஸ்பீக்கருக்கு எட்டாத தூரத்தில், கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் இடம் பிடித்தேன்.

பன்னிரண்டரைக்கு ஐந்து பேர் மேடை ஏறினார்கள். டிரம்பெட், கீபோர்டு, பேஸ் கிட்டார், காங்கா என்கிற உயரமான ஜோடி மேளம். ஐந்தாவது ஆள் கையில் வெறும் இரண்டு மரக்கட்டைகள். மூன்று தட்டு, கொஞ்சம் இடம் விட்டு இரண்டு தட்டு; அவர் வேலை அவ்வளவுதான். அதன் மேல் காங்கா ஒரு பக்கம் போனது. பேஸோ, நாம் எதிர்பார்க்கிற இடத்துக்கு ஒரு எட்டு முன்னாலேயே வந்து நின்றது. ஆளுக்கொரு வழியில் போகிறார்கள், ஆனால் ஒருவர்கூட வழி தவறவில்லை! பிறகு டிரம்பெட் எழுந்தது பாருங்கள், எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. பிசைந்த சோறு கையிலேயே காய்ந்தது.

முடிந்ததும் டிரம்பெட்காரரைத் தேடிப் போனேன். பெயர் ரெமி, நாற்பது வயதிருக்கும். சின்ன வயதில் ஊர்க் கத்தோலிக்கக் கோயில் பேண்டில் ஊதிப் பழகியவர். பதினான்கு வருடம் சுற்றுலாக் கப்பல்களில் வாசித்துவிட்டு, இப்போது ஊரோடு இருக்கப் பார்க்கிறார். மற்ற நால்வரும் அப்படித்தான்.

"மொதல்ல வாசிச்சது சால்சாக்கா. ரெண்டாவது லத்தீன் ஜாஸ். கப்பல்ல ஒரு கியூபாக்காரன்தான் சொல்லித் தந்தான்," என்றார். "நாளைக்கு எங்க ஊர்த் திருவிழாவுல வாசிக்கோம். சனம் எந்திச்சுப் போவாம இருந்தா கடைசி நாள் மேடையும் எங்களுக்குத்தான்னு கமிட்டியில சொல்லிருக்காவ. போயிட்டுன்னா, செட்டக் கலைச்சிட்டு மறுபடி கப்பல்தான். சொந்த ஊர்லயே மேடை இல்லன்னா வேற எவன் கூப்பிடப் போறான்?"

ஊருக்குத் திரும்பும் யோசனையைக் கைவிட்டு லாட்ஜில் அறை எடுத்தேன். எழுநூறு ரூபாய், கொசு இலவசம்.

ஞாயிறு மதியம் இரண்டே முக்காலுக்கு வேம்பார் பேருந்து. ஐம்பது ரூபாய், ஒன்றே கால் மணி நேரம், வழியெல்லாம் உப்புக் குவியல்கள். அங்கிருந்து ரெமியின் ஊருக்கு ஆட்டோவில் நான்கு கிலோமீட்டர், நூறு ரூபாய்.

"கச்சேரிக்கா போறிய? சினிமாப் பாட்டே கெடையாதாமே! நான் ஆறு மணிக்கு வந்து நிக்கேன். அதுக்குள்ள முடிஞ்சிரும்," என்றார் ஓட்டுநர்.

ஐந்தேகாலுக்கு, கோயில் திடலில் முந்நூறு நாற்காலி நிறைந்த கூட்டத்துக்கு முன்னால் ஆரம்பித்தார்கள். எல்லாரும் பிரசங்கம் கேட்பதுபோலக் கை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் அளவாக ஒரு கைதட்டல். நாலாவது பாட்டுக்குள் கடைசி மூன்று வரிசை காலி. ரெமியின் கண் பாட்டுக்குப் பாட்டு அந்த வரிசைகளுக்குப் போய் வந்தது.

ஐந்து ஐம்பதுக்கு, இருப்பதிலேயே நீளமான பாட்டை எடுத்தார்கள். அது உச்சத்துக்கு ஏறும்போது கோயில் மணி அடித்தது. மாலை ஆறு மணியின் திரிகால செபம்; மணி கேட்டால் இருந்த இடத்திலேயே எழுந்து நின்று சொல்வது வழக்கம். அத்தனை பேரும் எழுந்து கோயில் பக்கம் திரும்பினார்கள். வாத்தியம் பாதியில் நின்றது. ரெமி தலையில் கை வைத்துக்கொண்டார். ஒவ்வொரு துறைமுகத்துக்கும் கடிகாரத்தைத் திருப்பியே பழகிய மனிதர், சொந்த ஊர் மணியை மறந்துவிட்டார்.

"அவ்வளவுதான்," என்றார் என் பக்கத்தில் நின்ற அம்மா. "எந்திச்ச சனம் இனி உக்காராது. வீட்டுல போயி செபமாலை சொல்லணும்லா."

மூன்று நிமிடம். ஆமென். எங்கோ ஒரு நாற்காலி நகர்ந்தது. அப்போது மேடையில் அந்த மரக்கட்டைச் சத்தம், மெதுவாக: மூன்று, இரண்டு. மூன்று, இரண்டு. காங்கா சேர்ந்தது. போகத் திரும்பியவர்கள் நின்றார்கள். அந்த அம்மாவின் தோள் அசைந்தது, "ஏளா, இதென்ன!" என்று தன்னையே அதட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் அசைந்தார். விட்ட இடத்திலேயே டிரம்பெட் பிடித்துக்கொண்டது. அந்தத் திடலே ஆடியது! நாற்காலிகளை ஓரத்தில் தள்ளினார்கள். இது உட்கார்ந்து கேட்கிற இசையே இல்லை என்பது எங்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. ஐம்பத்திரண்டு வயதில், முட்டிவலியோடு, முன்பின் தெரியாதவர்கள் நடுவே நானும் ஆடினேன். இப்படி ஒரு சந்தோஷம் உலகத்தில் இருப்பது தெரியாமலே இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேனே என்று அழுகையே வந்துவிட்டது.

ஏழு மணிப் பேருந்துக்காக மனமில்லாமல் கிளம்பினேன். கூட்டத்துக்குள் போய் ஓட்டுநரை இழுத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது.

போக நினைப்பவர்களுக்கு: திருவிழாவின் கடைசி நாள் வரும் ஞாயிறு. தூத்துக்குடியிலிருந்து மூன்று மணிக்குள் கிளம்பிவிடுங்கள். கட்டணம் கிடையாது. மணல் தரை, குதிகால் உயர்ந்த செருப்பு வேண்டாம். மேடை யாருக்கு என்று எழுதலாமா வேண்டாமா எனத் தயங்கிக்கொண்டிருக்கும்போதே ரெமியிடமிருந்து போன்.

"கமிட்டியில சம்மதிச்சிட்டாவக்கா!" என்றார். "ஒரே ஒரு கண்டிஷன்தான். அன்னைக்கு நாற்காலி போடக் கூடாதாம்."