சிவப்புப் பொத்தான்

கதவுப் பட்டறையில் அவளுக்குச் சிவப்புப் பொத்தான் என்றே பெயர். செதுக்கும் இயந்திரத்தைப் பதினேழு வருடமாக ஓட்டுகிறவள், தினமும் பலகை ஏற்றுமுன் கத்தியைக் காற்றில் ஓடவிட்டு, நிறுத்தும் சிவப்புப் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்ப்பாள்.

"நாடி புடிச்சுப் பாத்தாச்சா?" என்பார்கள் தச்சர்கள்.

அவள் அண்ணன்தான் முதலாளி. கத்தி சுழலும்போதே வெறுங்கையால் மரத்தூளைத் தள்ளுவது அவன் பழக்கம். கை கிட்டே போனால் தங்கை அழுத்துவாள். இயந்திரம் அக்கணமே நிற்கும். அண்ணனின் பத்து விரலும் அவளுடைய ஒரு விரலை நம்பியிருந்தன.

போன வாரம் இயந்திரத்தை இயக்கும் பழைய கணினி மண்டையைப் போட்டது. புது லேப்டாப்பில் இயந்திரத்தின் வயரை மாட்டும் அகலமான பேரலல் போர்ட் கிடையாது. அண்ணன் இடையில் மாட்ட ஒரு யு.எஸ்.பி. பெட்டி வாங்கி வந்தான். மாட்டியதும் ஓடியது.

மறுநாள் காலை அவள் வழக்கம்போல் பொத்தானை அழுத்தினாள். கத்தி நிற்கவில்லை. மூன்று எண்ணியபின்தான் நின்றது. திரும்ப அழுத்தினாள். திரும்பவும் மூன்று.

"அண்ணே, பொத்தான் லேப்டாப்புக்குத்தான் சொல்லுது. ஆனா லேப்டாப் ஏற்கெனவே அனுப்பினதை இந்தப் பெட்டி வாங்கி வெச்சிருக்கு. அது தீர்ற வரைக்கும் கத்தி ஓடுது. பொத்தானை நேரா கரண்ட்டோட சேக்கணும்."

"கடைசியில நின்னுடுச்சுல்ல?"

"மூணு எண்ணுறதுக்குள்ள உன் கை எங்க இருக்கும்?"

"உன் வாயால சொல்லாதம்மா. எலக்ட்ரீஷியன் நாளைக்கு வரட்டும். இன்னிக்கு ஆறு கதவு போகணும்."

"அப்ப நான் உக்கார மாட்டேன்."

"நானே ஓட்டிக்கறேன். இத்தனை வருஷமா வேடிக்கையா பாத்துட்டிருந்தேன்?"

அவன் அவளுடைய ஸ்டூலில் உட்கார்ந்தான். அவள் சுவரோரம் போய் மெயின் சுவிட்சின்மேல் கையை வைத்துக்கொண்டாள். தச்சர்கள் அன்று கேலி பேசவில்லை.

மூன்று கதவு முடிந்தது. நான்காவதில் தூள் குவிந்து, செதுக்கிய கோட்டை மறைத்தது. அவனுடைய இடது கை பொத்தானை அழுத்தியது. அழுத்தியாயிற்று என்ற தைரியத்தில் வலது கை தூளுக்குள் போனது. கத்தி நிற்காமல் கோட்டின் வளைவில் அவன் கைப்பக்கம் திரும்பியது.

அவள் சுவிட்சை இறக்கினாள். விளக்குகளும் அணைந்தன. கத்தியின் ஓசை மெல்ல மெல்லத் தேய்ந்தது.

"நல்ல பலகையைக் கெடுத்துட்டியே," என்றான் அண்ணன்.

அவள் பலகையைப் பார்க்கவில்லை. கத்தியில் ஒரு துண்டு நீலத் துணி சுற்றியிருந்தது. அவன் இன்னும் தன் சட்டைக் கையைக் குனிந்து பார்க்கவில்லை.