வெடி வண்டியில் பேத்தி வந்த வழி

பத்தாவது தாண்டாதவன் நான். காசிக்கும் கயிலாயத்துக்கும் போய்வந்தவர்கள் பயணம் எழுதுகிறார்கள். அபிராமபுரத்திலிருந்து சைதாப்பேட்டை போய், அடையாறு வழியாக வீடு திரும்பியதை எழுதினால் சிரிப்பார்களே என்று வருஷக்கணக்காகத் தயங்கினேன். பேத்தி பள்ளிக்கூடமே போகத் தொடங்கிவிட்டாள். கற்பகாம்பாளை வேண்டிக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

புதன்கிழமை, காலை எட்டரை மணி. அடையாறு ஆஸ்பத்திரியில் பிரசவமான மகள் செல்வியை அன்று வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பன்னிரண்டுக்கு ராகு காலம். அதற்குள் குழந்தை நிலைப்படி தாண்டிவிட வேண்டும். செல்வி பிறந்தபோது அவளைக் கொண்டுவந்த பழைய பெட்ரோல் காரிலேயே அவள் பிள்ளையும் வர வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் ஆயுத பூஜை முடிந்ததிலிருந்து வண்டி சைலன்சரில் டமார் டமார் என்று வெடித்துக்கொண்டிருந்தது. செல்வி போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"அப்பா, அந்த வெடி வண்டில கொழந்தைய ஏத்த மாட்டேன். ஒரு சத்தம் கேட்டாலும் ஆட்டோ புடிச்சிடுவேன்."

என் மனைவி கமலா, குழந்தைத் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆழ்வார்பேட்டை, தேனாம்பேட்டை, மவுண்ட் ரோடு. வண்டியில் இழுவையே இல்லை. நந்தனம் சிக்னலில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். டமார்! நடைபாதைப் புறாக்கள் எல்லாம் மேலே. பக்கத்து ஸ்கூட்டர்காரர் குனிந்து பார்த்தார்.

"இன்னா நைனா, தீபாவளிய இப்பவே ஆரம்பிச்சிட்டியா?"

"முருகா!" என்று கமலா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். உள்ளே சிரிப்பு.

ஒன்பதேகால். சுமார் ஐந்து கிலோமீட்டர் தாண்டி சைதாப்பேட்டை மார்க்கெட் பக்கம் காதர் பாய் பட்டறை. விஷயத்தைச் சொன்னேன். "பிளக்கு போயிருக்கும்ணே" என்று நாலையும் மாற்றினார். டமார். "அப்ப ஒயரு." ஒயரையும் மாற்றினார். முன்னைவிடப் பெரிய டமார். பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "பாய், வண்டி ரிப்பேர் பண்றியா, கோட்டைய புடிக்கப் போறியா?" என்றார். மணி பத்தரை. ஆட்டோதான் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

பாய் பானெட்டுக்குள் தலையை விட்டவர் அப்படியே நின்றார்.

"எஞ்சினு பூரா எண்ணெப் பிசுக்கு. இந்த டிஸ்ட்ரிபியூட்டர் மட்டும் குத்துவிளக்கு மாதிரி மின்னிக்கினு கீது. யாருண்ணே தேச்சது?"

"நான்தான்!" என்றாள் கமலா பெருமையாக. "பூஜைக்கு முந்தின நாள். புளி போட்டு நல்லாத் திருப்பித் திருப்பித் தேச்சேன். அப்புறம்தான் சந்தனம் குங்குமம் வெச்சேன்."

"திருப்பித் திருப்பியா? அக்கா, இது சொம்பு இல்லக்கா!"

பாய் சிரித்ததில் ஸ்பேனரே கீழே விழுந்துவிட்டது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் எப்போது நெருப்புப் பொறி போக வேண்டும் என்று பிரித்துவிடுவது அந்தச் சாமான்தானாம். அதைப் பிடித்திருந்த நட்டு தளர்ந்திருக்க, கமலா தேய்த்த தேய்ப்பில் அது திரும்பி, பொறி தாமதமாகப் போயிருக்கிறது.

"கேஸைத் தொறந்து வுட்டுட்டு லேட்டா கொளுத்துனா குப்புனு பத்திக்கும்ல? அதே கதைதான்க்கா. பொறி லேட்டானா பெட்ரோலு உள்ளயே எரிஞ்சு முடியாது. எரிஞ்சிக்கினே வெளிய வந்து சைலன்சர்ல வெடிக்குது."

"பூஜை பண்ணது தப்பா, பாய்?"

"பூஜை பண்ணுக்கா. புளி வேணாம்."

எஞ்சினை ஓடவிட்டு, பொறி போகும் நேரத்தைக் காட்டும் டைமிங் விளக்கை அடித்துப் பார்த்து, அந்தச் சாமானைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, நட்டை இறுக்கினார். இருமிக்கொண்டிருந்த வண்டி சீராக மூச்சுவிட்டது.

சின்னமலை, கிண்டி, மத்திய கைலாஷ். கோயில் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஒரு சத்தம் இல்லை. பதினொன்றே காலுக்கு ஆஸ்பத்திரி வாசலில் செல்வி குழந்தையை அணைத்தபடி தள்ளி நின்றாள்.

"ரேஸ் பண்ணிக் காட்டுங்கப்பா."

உறும விட்டுக் காலை எடுத்தேன். அமைதி. இன்னொரு தடவை செய்யச் சொன்னாள். செய்தேன். ஏறிக்கொண்டாள்.

அடையாற்றுப் பாலம் இறங்கும்போது காலை எடுத்துத்தான் ஆக வேண்டும். அங்கேதான் அது எப்போதும் வெடிக்கும். கமலா துணிப்பைக்குள் கையை விட்டு ஒரு குழந்தைத் துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். காலை எடுத்தேன். பின் சீட்டில் பேத்தி தும்மினாள். அவ்வளவுதான் சத்தம். மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் அவள் அழத் தொடங்கினாள். பன்னிரண்டுக்கு முன்பே ஆரத்தி சுற்றியாகிவிட்டது.

எங்கள் தெருவில் இந்தக் கதை இப்போது வேறு மாதிரி உலவுகிறது. நான் கற்பகாம்பாளை நினைத்ததும் வண்டி தானாக அடங்கியதாம். அதில் காதர் பாயே இல்லை. அம்பாள் அருள் என்பதை நானும் சத்தியமாக நம்புகிறேன். அவள்தான் பாயைப் பானெட்டுக்குள் தலையை விட வைத்தாள். ஆகையால் இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது புளியையும் நட்டையும் பாயையும் சேர்த்தே சொல்லுங்கள். ஒன்றைக்கூட மாற்ற வேண்டாம்.