ஆஞ்சப்பன் மாமா மாட்டிவிட்ட ஹெல்மெட்டுகள்

பாகலூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். ரோஜாத் தோட்டமும் கொத்தமல்லி வயலும் தாண்டினால் ஒரு கம்பெனி. பழைய அலுமினியத்தை உருக்கிக் கட்டிகளாக வார்ப்பார்கள். அந்தக் கம்பெனி கேட்டில் ஆஞ்சப்பன் மாமா பல வருடம் செக்யூரிட்டியாக இருந்தார். எங்களுக்கு எதிர் வீடு. அவர் மனைவி ராஜாத்தியை நான் அத்தை என்று கூப்பிடுவேன், அதனால் அவர் மாமா. என் அப்பாவுக்கும் அதே கம்பெனியில்தான் வேலை, உலைப் பக்கம்.

மாமா அஞ்செட்டிக்கு மேலே மலை ஊரில் மாடு மேய்த்தவர். வயசுப் பையனாக இருந்தபோது கிருஷ்ணகிரிப் பக்கம் கல் குவாரிக்கு வேலைக்கு இறங்கி வந்தார். அங்கே சென்னகிருஷ்ணன் என்று ஒரு கூட்டாளி. ஒரே தூக்குவாளியில் சாப்பிடுவார்களாம். ஒரு நாள் மேலே இருந்து தேங்காய் அளவு கல் ஒன்று உருண்டு சென்னகிருஷ்ணன் தலையில் விழுந்தது. அங்கேயே போய்விட்டார். பிணத்தை மூட ஏதாவது துணி கிடைக்குமா என்று மாமா ஆபீஸ் அறைக்கு ஓடினார். அங்கே ஒரு சாக்கு நிறைய ஹெல்மெட் இருந்தது. எல்லாம் புதிது. பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்கவில்லை.

இதை அவர் எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். சொல்லும்போதெல்லாம் "கவரு கூடப் பிரிக்கல பாப்பா" என்ற இடத்தில் நிறுத்திவிடுவார்.

அதனால் கம்பெனி கேட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். வெளியாள் யாராக இருந்தாலும் ஹெல்மெட் இல்லாமல் உள்ளே விடமாட்டார். வந்தவர்களை வரிசையாக நிற்க வைப்பார். கால் அளவு பார்த்து ஷூ கொடுப்பார். ஹெல்மெட்டைத் தன் கையாலேயே மாட்டி, தாடைக்குக் கீழே பட்டையைப் போட்டு, இரண்டு விரலை உள்ளே விட்டு இறுக்கம் பார்ப்பார். பிறகு பேச்சு. மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது, கிரேனுக்குக் கீழே நிற்கக் கூடாது, சைரன் அடித்தால் வேப்ப மரத்தடிக்கு வர வேண்டும். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் மனப்பாடம். இந்திக்காரர்களுக்குக் கையாலேயே நடித்துக் காட்டிவிடுவார். முழுதாக முடிய கால் மணி நேரம் ஆகும். மேனேஜர் விஜயகுமாருக்கு இது ரொம்பப் பிடித்தது. பாதுகாப்பு வாரத்தில் மாமாவை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு குக்கர் கொடுத்தார். "ஆஞ்சப்பன், யாரு வந்தாலும் விட்டுக் குடுக்காதீங்க. கலெக்டரே வந்தாலும் முழுசா சொல்லிட்டுத்தான் கேட்டத் தெறக்கணும்" என்றாராம். அத்தை அந்தக் குக்கரில்தான் சோறு வைத்தாள்.

இனி புகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயின்ட் அடித்த தகடு, எண்ணெய் ஊறிய இன்ஜின் துண்டு எல்லாம் உலைக்குள் போகும். அந்தப் புகையை ஒரு பெரிய புளோயர் உறிஞ்சி, பைகளில் வடிகட்டி, மேலே விட வேண்டும். புளோயர் ஓடினால் புகைபோக்கிக்கு மேல் காற்று அனல் மாதிரி நடுங்குவது மட்டும்தான் தெரியும். ஓடாவிட்டால் சாம்பல் நிறப் புகை அப்படியே வெளியே வரும். புளோயர் கரண்ட்டை அதிகம் இழுக்கும் என்று அதைப் பெரும்பாலும் நிறுத்தியே வைத்திருந்தார்கள். பனிக் காலத்தில் புகை மேலே போகாமல் எங்கள் கூரைகள் மேல் படுத்துக்கொள்ளும். நாக்கில் உப்பு மாதிரி ஒரு ருசி ஒட்டும். ரோஜா இலையைத் தொட்டால் விரலில் சாம்பல் வரும். ஓசூர் பூ மார்க்கெட்டில் எங்கள் ஊர்க் கூடை என்றால் வியாபாரி கட்டை விரலால் இதழைத் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்.

ராஜாத்தி அத்தைக்கு முதலில் இருமல் வந்தது. அப்புறம் இளைப்பு. தோட்டத்தில் ஒரு பாத்தி களை எடுத்தால் உட்கார்ந்துவிடுவாள். டாக்டர் விறகு அடுப்பா என்று கேட்டாராம், வீட்டில் யாராவது பீடி பிடிப்பார்களா என்று கேட்டாராம். இல்லை, இல்லை. கடைசியாக வீடு எங்கே என்று கேட்டார். அத்தை சொன்னாள். அவர் பேனாவைக் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்துவிட்டு, இன்ஹேலர் எழுதிக் கொடுத்தாராம். பக்கத்து வீட்டு ஜெயசெல்வி அக்காவின் பையன் ஆஸ்டினுக்கும் அதே இளைப்புதான். யுகேஜி படிக்கிறான். பள்ளிக்குப் போன நாட்களைவிட வீட்டில் படுத்த நாட்கள்தான் அதிகம்.

அத்தைதான் முதலில் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்குப் புகார் கொடுத்தாள். அவர்கள் வந்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தார்கள். புகைபோக்கி சுத்தமாக இருந்தது. வெளியே வந்து, "எங்கம்மா புகை?" என்றார்கள். அன்று சாயங்காலம் புகை எப்போதையும்விட அதிகமாக வந்தது. மறுபடியும் புகார் கொடுத்தாள், மறுபடியும் அதேதான். ஆஸ்டினை முதல் தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கொடுத்தது மூன்றாவது புகார், அதுவும் அப்படியே. அதன் பிறகு எங்கள் ஊர்ப் பெண்கள் என்றால் பொய்ப் புகார் கொடுப்பவர்கள் என்று ஆகிவிட்டது. கம்பெனியில் போர்க்லிஃப்ட் ஓட்டும் மாதேஷ் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, "ஏன்க்கா, உன் வூட்டுக் குக்கரு விசில் வுட்டதப் பாத்துட்டு போன் போட்டுட்டியா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள்.

"எவனோ முன்னாடியே சொல்லிடறான். கையில சிக்கட்டும்" என்று அத்தை வீட்டில் புலம்புவாள். அவளுக்கு மாதேஷ் மேல்தான் சந்தேகம். மாமா தலையைக் குனிந்துகொண்டு களியை உருட்டிச் சாப்பிடுவார்.

நான்காவது முறை ஜோதிமணி என்று ஒரு அம்மா வந்தார். புகார் கொடுத்தவரும் தன்னோடு உள்ளே வரட்டும் என்று சொல்லிவிட்டார். அத்தை பட்டுக் கரை வைத்த புடவையைக் கட்டிக்கொண்டு போனாள். அதுவரை அவள் மாமாவை வேலையில் பார்த்ததே இல்லை. மாமா இன்டர்காமில் "விசிட்டர் வந்திருக்காங்க" என்று சொல்லிவிட்டு எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார்.

ஜோதிமணி மேடம் பொறுமை இல்லாமல், "இதெல்லாம் எனக்குத் தெரியும்பா. தினமும் ஒரு கம்பெனி போறவ நான்" என்றார்.

"தெரிஞ்சாலும் சொல்லணும் மேடம். தலை ஒண்ணுதான் குடுத்திருக்கான்" என்றார் மாமா.

அத்தைக்குச் சிரிப்பு வந்தது. பெருமையாகவும் இருந்ததாம். வாத்தியார் மாதிரி பேசறாரே என்று நினைத்தாளாம். கடைசியாக மாமா அவளிடம் வந்தார். ஹெல்மெட்டை மாட்டினார். பட்டைக்குள் இரண்டு விரலை விட்டு, "இறுக்கமா இருக்குதா?" என்று கேட்டார்.

"இல்லீங்க."

அப்போதுதான் உள்ளே "ம்ம்ம்" என்று ஒரு சத்தம் கிளம்பியது. அத்தைக்குத் தெரிந்த சத்தம். அதிகாரிகள் வரும் நாட்களில் மட்டும் ஊருக்குள் கேட்கும். என்ன என்று அவள் யோசித்ததே இல்லை. மற்றவர்கள் கேட் கூரைக்கு உள்ளே நின்றார்கள், வரிசைக் கடைசியில் நின்ற அத்தைக்குத்தான் புகைபோக்கி தெரிந்தது. மாமாவின் தோளுக்கு மேலே பார்த்தாள். புகைபோக்கியிலிருந்து வந்துகொண்டிருந்த சாம்பல் புகை, குழாயை மூடினால் தண்ணீர் இளைப்பதுபோல இளைத்து, நின்றுபோனது. மாமாவின் விரல்கள் அவள் தாடையிலேயே இருந்தன. அவர் அவளைப் பார்க்கவில்லை.

"மேடம், இப்பத்தான் போட்டாங்க" என்ற வார்த்தை நாக்கு வரை வந்துவிட்டதாம். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். கேட்டால் புருஷனைக் கை காட்ட வேண்டும், அத்தனை பேருக்கு முன்னால். அத்தை தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள். "புகை இல்லையேம்மா?" என்று ஜோதிமணி மேடம் கேட்டபோது, "இல்ல மேடம்" என்றாள்.

அன்று மாமா வீட்டுக்கு வந்ததும் அத்தை சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். எப்போதும் மரியாதையாகப் பேசுகிறவள் அன்று அப்படிப் பேசவில்லை.

"ரெண்டு வெரல வுட்டு இறுக்கம் பாத்தியே. இங்க தெனமும் என் கழுத்து இறுக்குதே, அதுக்கு எத்தன வெரலு வுடுவ?"

"மொத தடவ தெரியாது ராஜாத்தி. ரெண்டாவது தடவ நான் பேசிட்டு இருக்கறப்பவே சத்தம் வந்துச்சு. அப்பத்தான் புரிஞ்சுது."

"புரிஞ்சப்புறம்?"

மாமா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஹெல்மெட்டு போடறது தப்பில்லயே. அதத்தானே செஞ்சன்னு நெனச்சுக்குவன்" என்றார்.

அதற்குப் பிறகு அத்தை புகார் கொடுப்பதை விட்டுவிட்டாள். ஜெயசெல்வி அக்கா கேட்டபோது, "எனக்கு முடியல, வுட்டுடு" என்றாள். ஊர் சும்மா இருக்குமா? தண்ணீர்க் குழாயடியில் எல்லோர் முன்னாலும் ஜெயசெல்வி அக்கா கேட்டாள்: "அன்னைக்குப் பட்டுக் கரை கட்டினு உள்ள போனியேக்கா, என்னா குடுத்தாங்க?" அத்தை குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். மாமா டியூட்டிக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தவர், அதைக் கேட்டார். கேட்டுக்கொண்டே போய்விட்டார்.

தை மாதம் ஒரு வாரம் பனி விலகவே இல்லை. ஒரு காலை ஆஸ்டினுக்கு உதடு நீலமாகிவிட்டது. அவன் அப்பா அருள்ஜோசப் அண்ணன் பைக்கை ஓட்ட, அக்கா பின்னால் அவனை மடியில் வைத்துக்கொண்டு ஓசூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ஆக்சிஜன் வைத்தார்கள். பிழைத்துவிட்டான். ஆஸ்பத்திரியிலிருந்தே ஜெயசெல்வி அக்கா புகார் கொடுத்தாள்.

மறுநாள் மத்தியானம் ஜோதிமணி மேடத்தின் ஜீப் வந்தது. உலையில் அப்போதுதான் சரக்குப் போட்டிருந்தார்கள். மாமா இன்டர்காமைத் தொடவில்லை. கேட்டின் இரண்டு கதவையும் திறந்துவிட்டார்.

"உள்ள போங்க மேடம்."

"ஹெல்மெட்?"

"அப்புறம் மேடம். மொதல்ல மேல பாருங்க."

அவர்கள் வெறும் தலையோடு உள்ளே ஓடினார்கள். கிரேன் நகர்ந்துகொண்டிருந்ததாம். இரண்டு கையிலும் ஹெல்மெட்டுகளை வாரிக்கொண்டு அவர்கள் பின்னாலேயே ஓடி, மேடம் போனில் புகைபோக்கியைப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது பின்பக்கமாக நின்று ஒன்றைத் தலையில் வைத்தார். பட்டை போட அவர் கைக்கு வரவில்லை.

கம்பெனியைக் கொஞ்ச காலம் மூடினார்கள். புளோயரை ஓட்டுவோம் என்று ஒத்துக்கொண்ட பிறகு திறந்தார்கள். மாமாவை வேலையை விட்டு நிறுத்தினார்கள். பாதுகாப்புக் கருவி இல்லாமல் வெளியாட்களை உள்ளே விட்டார் என்பது காரணம். சண்டை போடலாம் என்று அருள்ஜோசப் அண்ணன் சொன்னார். "அது நெசந்தானேப்பா" என்றார் மாமா.

ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் முன்னால் கூடி அவருக்குச் சால்வை போடுவது என்று முடிவானது. அருள்ஜோசப் அண்ணனே சால்வை வாங்கி வந்தார். கூப்பிட்டதும் மாமா வந்தார், ஆனால் சால்வைக்குக் கழுத்தை நீட்டவில்லை.

"இது எனக்கு வேணாம்பா. இதுக்கு முன்னாடி வந்தவங்கள எல்லாம் கேட்டுலயே நிறுத்தி வெச்சது நாந்தான். நான் பேசி முடிக்கறதுக்குள்ள உள்ள புளோயரப் போட்டுடுவாங்க. தெரிஞ்சேதான் பேசினன்."

ஜெயசெல்வி அக்காதான் கேட்டாள்.

"ஆஸ்டின மொத தடவ அட்மிட் பண்ணமே, அப்பவும் வந்தாங்களே அண்ணா?"

"அப்பவுந்தான்மா."

அக்கா ராஜாத்தி அத்தை பக்கம் திரும்பினாள். "உனக்கும் தெரியுமாக்கா?"

"உள்ள போன அன்னைக்குத் தெரிஞ்சுது" என்றாள் அத்தை. "அப்புறம் வாயத் தெறக்கல."

குழாயடியில் அன்று தான் கேட்டது ஜெயசெல்வி அக்காவுக்கு ஞாபகம் வந்திருக்கும். ஆனால் அதற்கு மன்னிப்புக் கேட்கும் நேரமா அது? புருஷன் கையிலிருந்த சால்வையை வாங்கி, நான்காக மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டு பையனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று அங்கே ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை. கேட்டில் நிறுத்தியது மாமா, சரி. உள்ளே புளோயர் சுவிட்சைப் போட்டது யார்? போட்டுவிட்டு, அதிகாரிகள் போனதும் அணைத்தது யார்? எங்கள் தெருவில் உலைப் பக்கம் வேலை செய்கிற வீடு இரண்டு. அதில் ஒன்று எங்கள் வீடு. என் அப்பா கோயில் சுவரோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்த பிறகும் அங்கேயே நின்றார். வீட்டுக்கு வந்ததும் அம்மா சோறு போட்டாள். நாங்கள் மூன்று பேரும் சாப்பிட்டோம். இன்றுவரை அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

மாமா இப்போது ஒரு ரோஜாப் பண்ணையில் மருந்து அடிக்கிறார். அத்தையின் இளைப்பு குறைந்திருக்கிறது, போகவில்லை. மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு வண்டியில் கூட்டிப் போகிறார். ஜெயசெல்வி அக்கா வீட்டைத் தாண்டாமல் இருக்க, ஏரிக்கரைப் பக்கமாகச் சுற்றிப் போவார்கள். போன வாரம் கிளம்பும்போது நான் வாசலில் இருந்தேன். மாமா ஹெல்மெட்டை எடுத்து அத்தையிடம் நீட்டினார். பழக்கத்தில் அவர் கை பட்டை வரை போனது.

"குடு, நானே போட்டுக்கறன்" என்றாள் அத்தை.

அவள் பட்டையைப் போட்டு முடிக்கும்வரை அவர் வண்டியைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் வீட்டுக்குள் அப்பா ஷிப்டுக்குச் சட்டை போட்டுக்கொண்டிருந்தார். வெளியே வர, அவர்கள் போகட்டும் என்று காத்திருந்தார்.